விளக்கடியில் ஒரு முகம்

"அம்மாவைச் சுத்தி ஏன் புகை நிக்குது?"

தன் பிறந்தநாள் வீடியோவைப் பார்த்து ஏழு வயது நிலுஷா கேட்டாள். அதை எடுத்தவள் வீடியோக்காரி கத்தரீனா. நிலுஷாவின் தாய் தங்கராணியின் கன்னத்தில் கொதி எண்ணெய் பட்ட தழும்பு. அதை மறைக்க, யாரும் கேட்காமலே, நல்லது செய்வதாக நினைத்து, கத்தரீனா லென்சில் கனமான டிஃபியூஷன் ஃபில்டரை மாட்டியிருந்தாள். தோலை மென்மையாக்கிய அந்தக் கண்ணாடி மெழுகுதிரி வெளிச்சத்தையும் பரப்பிவிட்டது. கேக்கின் பக்கத்தில் நின்ற தாயின் முகம் அதில் கரைந்துபோயிற்று. தங்கராணியோ, "நீர் இன்னும் சாப்பிடேல்லை" என்று சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஆறு வருடம் கழித்து, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர மண்டபமொன்றில் நிலுஷாவின் சாமத்தியவீடு, பூப்புனித விழா. ஆராத்திக்கு விளக்கேற்றும் நேரம் தாய்மாமன் பாலேந்திரா கத்தரீனாவின் கமராவடிக்கு வந்தார்.

"பிறந்தநாளுக்குப் போட்ட அந்த ஃபில்டரைப் போடும் பிள்ளை. கனடாவில இருந்தெல்லாம் பாப்பினம்."

"வேண்டாம் அண்ணை. விளக்கு வெளிச்சத்தில தங்கராணியக்கான்ர முகம் அழிஞ்சிடும்."

"அழியட்டும். அதுக்குத்தானே கேக்கிறன்."

"போடமாட்டன்."

"ஓகஸ்ட்டில லவன்ர கலியாணம். வேற வீடியோக்காரரையும் எனக்குத் தெரியும்."

அவர் மகனின் கலியாணம்தான் அந்தக் கோடையில் அவளுக்கிருந்த ஒரே பெரிய வேலை. கத்தரீனா ஃபில்டர் இருந்த பையின் ஸிப்பை இழுத்து மூடினாள்.

"அவரையே கூப்பிடுங்கோ அண்ணை."

ஆராத்தித் தட்டோடு நின்ற தங்கராணிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அண்ணை, அப்ப உங்கட மொட்டைக்கும் ஒண்டு போடச் சொல்லுங்கோ. லைற் அதிலதான் பட்டுத் தெறிக்குது."

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். தங்கராணி தழும்பிருந்த கன்னத்தைக் கமராவுக்குத் திருப்பினாள்.

"நீர் எடும் பிள்ளை."

சுடர்கள் சின்னதாக, கூராக நின்றன. அவற்றுக்கு மேலே அந்த முகம் முழுதாக இருந்தது.

கலியாண வேலை போய்விட்டது. அடுத்த கிழமை கத்தரீனா பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடியெடுத்தாள். பிறந்தநாளன்று ஃபில்டர் மாட்டுமுன், ஃபோகஸ் பார்க்க எடுத்த பதினொரு விநாடி அதில் இருந்தது: தங்கராணி மகளுக்கு ரிபன் கட்டிவிட்டுச் சிரிக்கிறாள். தழும்பும் சேர்ந்து சிரிக்கிறது.

கர்த்தருக்கு நன்றி சொல்லி அதை ஒரு பென் டிரைவில் ஏற்றினாள். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்த முற்பகலில், மழைக்குள் சைக்கிள் மிதித்துப் போய், நன்றி வாங்க நிற்காமல், பெயர் எழுதாத உறையில் அதைத் தங்கராணி வீட்டுத் தபால் பெட்டிக்குள் போட்டாள். மழை உள்ளே போகாமல் மூடியைக் கையால் அழுத்திச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.