கரடியின் குடை

காளியப்பனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி நழுவிக்கொண்டே இருந்தது. வேலம்மாள் மறுபடியும் முடிச்சுப் போட்டாள். நேற்று எஸ்டேட்டில் காப்பிச் செடிகளுக்கு வெயில் விழ நிழல் மரங்களைக் கழிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய புருஷன், வெட்டிய கிளையோடு கீழே வந்துவிட்டான். உச்சிக் கிளையில் நின்றும் ஊர்க்கதை பேசுகிற மனுஷன் இப்படி வாய் மூடிக் கிடந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வாசலில் பாடை கட்டி முடித்து அவனைக் கிடத்தினார்கள். செத்தவர் தினமும் கையாண்டதைக் கூடவே வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். கொழுந்தன் சின்னத்தம்பி பீடிக்கட்டையும் சுருக்குப்பையையும் அண்ணனின் இடுப்பருகே வைத்தான்.

"வேற ஏதாச்சும் வெக்கோணுங்களா அண்ணி?"

அதற்குள் மகள் காவேரி வீட்டுக்குள் ஓடிப்போய்த் தன் படப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. போன வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் காளியப்பன் வாங்கித் தந்த புத்தகம் அது. அட்டையில் ஒரு கரடி குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றது.

வேலம்மாள் சட்டென்று சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். காளியப்பனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சாயங்காலமானால் மகளை மடியில் வைத்துப் புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததை அளப்பான். ஒரு நாள் கரடி நாகலூர் பஸ்ஸைத் தவறவிடும். மறுநாள் அடுத்த பக்கத்துக் கழுதை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்கு சல்யூட் அடிக்க மறந்து வேலையை இழக்கும். காவேரி விழுந்து விழுந்து சிரிப்பாள். பொங்கலுக்குப் பிறகு அவள் விரல் மட்டும் தனியாக வரிக்கு அடியில் ஊர்ந்தது, உதடு அசைந்தது. ஆனாலும் அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் பக்கத்தைத் திருப்ப மாட்டாள்.

"பாப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சரக் கூடாது புள்ள" என்று வேலம்மாளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான். அவனுக்காக இனி அவள் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான்.

சின்னத்தம்பி புத்தகத்தைக் கண்டதும் முகம் சுளித்தான். "உள்ள கொண்டுபோயி வெய்யி கண்ணு. எழுத்துத் தெரியாத மனுசனுக்கு எதுக்குப் பொஸ்தகம்?"

பறையும் அந்த நேரம் பார்த்துத்தான் ஓய்ந்திருந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. வேலம்மாளுக்குக் கொழுந்தனை அறைந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

"பொய்யி சாமி!" என்று மகளைப் பிடித்து இழுத்தாள். "உங்கொப்பன் நொம்ப நல்லாப் படிப்பாரு."

காவேரி கையை உருவிக்கொண்டு சித்தப்பாவிடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியுமுங்க. பொஸ்தகத்துல வேற கதைங்க. அப்பாகிட்ட சொல்லிராதீங்க."

சின்னத்தம்பி ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

அவள் புத்தகத்தை விரித்து அப்பாவின் கைகளுக்கு அடியில் செருகினாள். படம் அப்பாவுக்குத் தலைகீழாக இருக்கிறதா என்று அவர் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். இருந்தது. எடுத்துத் திருப்பி வைத்தாள்.