இசக்கிக்கு லக்கேஜ் டிக்கெட்

“அண்ணாச்சி, உள்ளபடியே எடுங்க.”

இசக்கி இதைச் சொன்னதும் ஸ்டூடியோவில் மின்விசிறி நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லித்தான் மகளைக் கூட்டிவந்திருந்தாள். கல்லூரியிலும் சொல்லியிருந்தார்கள். கடைசி நாளன்று முதல்வர் ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டார். வாழ்க்கையில் எதை வேண்டுமானாலும் துணிந்து கேள், ஸ்டூடியோவில் போய் அதை மட்டும் கேட்காதே என்றார்.

அந்த ஊரில் படிப்பு முடிந்த பெண்கள் போட்டோ எடுக்கவேண்டும். முதலில் போட்டோ. பிறகு, போட்டோவுக்குத் தகுந்தபடி ஆளைத் திருத்துவார்கள். அதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

ஸ்டூடியோக்காரர் ஞானதுரை அண்ணாச்சி கோபப்படவில்லை. கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் பிஸ்கட் டப்பா மூடி ஒன்று பொருத்தியிருந்தது.

“எடுக்கதுக்கு என்ன இருக்கு தங்கச்சி? ஒன் போட்டோ போன மாசமே ரெடி.”

அவர் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கப் போட்டோக்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண். பாலாடை நிறம். பற்கள் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல் நின்றன. அடியில் பெயர்கள் மட்டும் வேறு வேறு. மாடத்தி. செல்வகனி. ராஜபுஷ்பம். கடைசிப் படத்தில் பசை இன்னும் காயவில்லை. இசக்கியம்மாள், பி.எஸ்ஸி. இயற்பியல்.

இசக்கி கறுப்பு. மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். நெற்றியில் பம்புசெட் தொட்டியில் இடித்த தழும்பு.

“இது நான் இல்ல” என்றாள்.

“இல்லதான். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிருவ.”

“அண்ணாச்சி, வெளிச்சம் எம்மேல பட்டுத் திரும்புனாத்தான் படம். படத்தப் பாத்து நான் வர முடியாது.”

“காலேஜ்ல அப்படிச் சொல்லியிருப்பாவ. இது ஸ்டூடியோ.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவலைன்னா?”

“ஆவலைன்னா போட்டோதான் இசக்கி. பேரு, பட்டம், வேலை, வீட்டுல ஒனக்குள்ள சோறு எல்லாம் அதுக்கு. நீ மிச்சம்.”

“பரீட்சை எழுதுனது நான்.”

“கை எழுதிச்சு. மூஞ்சி எழுதலையே. பட்டத்துல ஒட்டியிருக்கது மூஞ்சிதான?”

இசக்கி தன் கையைப் பார்த்தாள். மூன்று வருடம் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த கை. போட்டோ மார்பு வரைக்கும்தான் இருந்தது. அதில் கையே கிடையாது.

“வாட்டி, போவோம்” என்றாள் அம்மா. “சின்னப்புள்ள அண்ணாச்சி, தெரியாம கேட்டுட்டா.”

“தெரிஞ்சுதான் கேட்டேன்” என்றாள் இசக்கி. மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

பஸ்ஸில் அம்மா போட்டோவை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் வந்தார். போட்டோவைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

“ரெண்டு ஃபுல். ஒரு லக்கேஜ்.”

“யாருக்கு லக்கேஜ்?” என்றாள் இசக்கி.

“இந்தா நிக்கே, இதுக்கு.” அவர் அம்மாவிடம்தான் பதில் சொன்னார். “கம்பியப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க. உருண்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

ஓரத்து இருக்கை ஒன்று காலியாக இருந்தது. லக்கேஜ் உட்காரக்கூடாது. இசக்கி வாழைத்தார் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். இறங்கும்போது வாழைத்தாரை ஒருவர் பத்திரமாகத் தூக்கி இறக்கினார். இவளை யாரும் இறக்கவில்லை.

வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் போட்டோ உட்கார்ந்தது. அம்மா அதன் முன்னால் சோறும் சாளை மீன் குழம்பும் வைத்தாள். சிறிது நேரத்தில் சோறு குறைந்திருந்தது. முள் மட்டும் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த வீட்டுத் தாயம்மா சித்தி பார்க்க வந்தாள். போட்டோவுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.

“எம்புட்டு லட்சணமா இருக்கா இசக்கி! படிச்ச களை மொகத்துலயே தெரியுதுல்லா. ஆமா, அது யாரு அடுப்பு கிட்ட?”

“அதுவா” என்றாள் அம்மா. பதில் தேடுவதற்குள் சித்தியே புரிந்துகொண்டாள்.

“மிச்சமா? வெள்ளிக்கெழம வரைக்கும் எங்கனயாவது ஓரமா வையி. எங்க செல்வகனி மிச்சம் குறுக்க குறுக்க நடந்து உசுர எடுத்துச்சு.”

“சித்தி, போன வருசம் ஒங்க ரேசன் கார்டுக்கு எழுதிக் குடுத்தது நான்தான்” என்றாள் இசக்கி.

“பேசவும் செய்யுதே” என்றாள் தாயம்மா சித்தி.

மறுநாள் தபாலில் வேலை உத்தரவு வந்தது. நீர் பரிசோதனை நிலையத்தில் உதவியாளர். இசக்கி ஆறு தடவை விண்ணப்பித்த வேலை. தபால்காரர் போட்டோவின் மடியில் அதை வைத்து, வாழ்த்துகள் என்றார். போட்டோ சிரித்துக்கொண்டே இருந்தது. அது வேறு எதுவும் செய்வதில்லை. இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா சுளவு முறத்தை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். இலையின் மேல் அளவுத் தகட்டை வைப்பாள். தகட்டைச் சுற்றிக் கத்தரி ஓடும். தகட்டுக்கு வெளியே நிற்பதெல்லாம் தரையில் விழும். இசக்கியையும் அவள் அக்காவையும் அந்தத் தகட்டை வைத்துத்தான் வளர்த்தாள்.

“யம்மா, என்னத் திருத்த வேண்டாம்மா.”

அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். இசக்கியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தகட்டை எடுத்து அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தகடு குளிர்ந்திருந்தது. புகையிலை வாசம் அடித்தது.

“கொஞ்சந்தான் வெளிய நிக்கி” என்றாள். “அளவு மீறுச்சுன்னா பீடிக் கம்பெனி செக்கர் ஒடிச்சுப் போட்டுருவான்ட்டி. எத்தன வருசமா பாக்கேன். ஒடிச்ச பீடிய எவன் எடுப்பான்?”

“நான் பீடியாம்மா?”

“அதச் சொல்லல.”

“பின்ன எதச் சொல்லுத?”

அம்மா தகட்டை எடுத்துவிட்டாள். கன்னத்தில் அதன் ஓரம் சதுரமாகப் பதிந்திருந்தது. “வேலைக்குப் போவணும்னு நீதான சொன்ன” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாயை முந்தானை மூடியிருந்ததால் மீதி முகம் தெரியவில்லை. அம்மா காலத்தில் முழுசாகத் திருத்தமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். முந்தானை அந்த இடத்தை மறைப்பதற்காக.

இசக்கி அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மாடத்தியைத் திருத்திக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. திருத்தியவர்கள் தட்டையாகிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் லட்சணமாக இருப்பார்கள். பக்கவாட்டில் திரும்பினால் தெரியமாட்டார்கள்.

அக்காவின் மாமியார் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அக்கா ஓர் ஆணியில் மாட்டப்பட்டிருந்தாள்.

“எதுக்கு ஆணி?” என்றாள் இசக்கி.

“ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாவ. இவ பறந்துட்டா. தண்ணித் தொட்டியில கெடந்து எடுத்தோம். அதுலேருந்து ஆணிதான்.” மாமியார் ஈரச் செய்தித்தாளால் அக்காவின் முகத்தைத் துடைத்தாள். “தங்கமான மருமவ. சத்தமே கெடையாது.”

மாமியார் உள்ளே போனதும் இசக்கி அருகில் போனாள்.

“கிட்ட வராத, மூச்சு படியும்” என்றாள் அக்கா. உதடு அசையவில்லை.

“வலிக்காக்கா?”

“இல்ல. முதுகு அரிக்கி. சொறிய முதுகு இல்ல.”

“எறக்கி விடட்டுமா?”

அக்கா நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் வரும். பிறகு கேட்டாள்:

“ஏட்டி, என் தெத்துப்பல்லு எங்கன இருக்குன்னு தெரியுமா? நாக்கு இன்னும் தேடுது.”

உள்ளேயிருந்து மாமியார், யாரோடு பேச்சு என்றாள். பேச்சு இல்லை, காற்று என்றாள் இசக்கி. ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். ஆழமாக அடித்திருந்தார்கள். வெறும் கைக்கு அசையவில்லை. திரும்பி நடந்தாள். வழியில் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். போட்டோவுக்குப் பூ வைத்தாள். மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். இரண்டு ஃபுல், ஒரு லக்கேஜ்.

திருத்தும் அறை ஸ்டூடியோவின் பின்னால் இருந்தது. அதற்குப் போகும் ஒடுங்கிய நடைவழி போகப் போக நீண்டது. பாதி வழியில் அம்மா கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். பிறகு மறுபடி நடந்தார்கள். அறையில் இரண்டு பெரிய இரும்புத் தகடுகள் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம். தலைமாட்டில் சின்னத் தலையணை வைத்திருந்தார்கள். தலையணையில் நல்வரவு என்று பின்னியிருந்தது.

போட்டோவை ஒரு முக்காலியில் வைத்தார்கள். அம்மா அதன் பக்கத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

“செருப்பக் கழத்திட்டு ஏறு தங்கச்சி” என்றார் அண்ணாச்சி.

இசக்கி ஏறவில்லை. சுவரோரம் பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

“அதுல என்ன?”

“வெட்டுனதெல்லாம். தூரப் போட மனசு வராது பாரு.”

“யாராவது திரும்பக் கேட்டாவளா?”

“கேக்கதுக்கு வாயி வேணும்லா.”

இசக்கி மாடத்தி என்ற டப்பாவைத் திறந்தாள். ஒரு தெத்துப்பல், கழுத்து மச்சம், கொஞ்சம் முதுகு, ஒரு நொண்டியாட்டம், சுருட்டி வைத்த கறுப்பு நிறம். எல்லாம் நமுத்துப்போகாமல் இருந்தன. மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். அதற்குக் கீழே துருப்பிடித்த சின்ன டப்பா ஒன்றில் அம்மாவின் பெயர் இருந்தது. அதை அம்மாவின் மடியில் வைத்தாள். உள்ளே ஏதோ குலுங்கியது.

“அண்ணாச்சி, ஆணி புடுங்குத குறடு இருக்கா?”

அவர் யோசித்தார். உள்ளபடியே எடு என்று கேட்டால்தான் தப்பு. குறடு கேட்டால் தப்பு என்று எங்கும் இல்லை. எடுத்துக் கொடுத்தார்.

“இனி அந்தப் போட்டோவே இசக்கியா இருக்கட்டும்” என்றாள். “திங்கக்கெழம வேலைக்குப் போவச் சொல்லுங்க. கையில்லாம தண்ணிய எப்படி டெஸ்ட் பண்ணுதுன்னு பாக்கேன். சாயங்காலம் வந்து பீடி சுத்தவும் சொல்லுங்க.”

“நீ என்னவா இருப்ப?”

“மிச்சமா.”

“மிச்சத்துக்கு ஊருல எடம் கெடையாதே, தங்கச்சி.”

“பஸ்ஸுல இருக்கு. லக்கேஜ் டிக்கெட்டு பாதிக் காசுதான்.”

“ஏட்டி, எங்கன போற?” என்றாள் அம்மா.

“அக்கா வீட்டுக்கு.”

“போவட்டும்...” என்று அம்மா தொடங்கினாள். மடியில் இருந்த டப்பாவைத் திறக்கவில்லை. எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

முக்காலியில் இருந்த போட்டோ தண்ணீர் கேட்டது. அது வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. குரல் சுத்தமாக இருந்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை.

போட்டோ மறுபடியும் கேட்டது. அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

இசக்கி டப்பாவும் குறடுமாக நடையில் இறங்கினாள். வரும்போது அவ்வளவு நீளமாக இருந்த நடை இப்போது நாலே எட்டில் முடிந்தது. வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அவள் பறக்கவில்லை. பஸ் வந்தது.