பட்டாளத்து லாரிக்கு வந்த மின்விசிறி

எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி அவிழ்த்தே ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து லாரி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டையொட்டிய சந்தில் நிறுத்தினார் பாருங்கள், அன்றிலிருந்து தெருவுக்கே அவர் பட்டாளத்தார் ஆகிவிட்டார். லாரி வீட்டைவிட உயரம். சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பார்த்த எங்களுக்கே மூச்சு முட்டியது; உள்ளே அடுப்படியில் நின்ற அவர் மனைவிக்கு, தெருவே அக்கா என்று கூப்பிடுபவருக்கு, எப்படி இருந்திருக்கும்.

அதிர்ச்சி அத்தோடு நிற்கவில்லை. லாரிக்கு வசதிகள் வர ஆரம்பித்தன. தகர சீட்டுக்கு மெத்தை. சூடு ஏறாமலிருக்கக் காலடியில் கம்பளம். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. துப்பாக்கி மாட்டும் கொக்கிகளில் பிளாஸ்கும் குடையும். கதவு ஆடாமலிருக்க உள்பக்கம் தாழ்ப்பாள். புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாதாம். போட்டால் பழைய வண்டிகளின் அணிவகுப்பில் சேர்க்க மாட்டார்களாம். இருக்கிற துளைகளிலேயே எல்லாவற்றையும் முடுக்கினார்.

சீட்டுக் கவர் தைப்பவர் என்னிடம் வந்து புலம்பினார். "இவரு வீட்டு சோபாவுல பஞ்சு வெளிய வந்து எட்டிப் பாக்குது. அதத் தாண்டிப் போய் லாரிக்கு அளவெடுக்கச் சொல்றாரு."

இதை அக்காவிடம் சேர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா?

"தெரியும்மா," என்றார் அக்கா, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி. "அந்த லாரி வந்ததுலேருந்து அடுப்படியில காத்தே இல்ல. ஒரு ஃபேன் வேணும்னு கேட்டுட்டே இருக்கேன். பாப்போம்கிறாரு."

பார்த்துவிட்டார். மறுவாரமே ஃபேன் வந்தது. லாரிக்கு.

அக்கா அடுப்பை அணைத்தார். தலையணையை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். உள்தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. நாங்கள் ஓடிவந்து நின்றோம்; நல்ல இடமாகப் பார்த்துத்தான் நின்றோம்.

"சாப்பாடு?" என்றார் பட்டாளத்தார், திரையைப் பார்த்து.

"அடுப்பு அங்க இருக்கு, கை இங்க இருக்கு. எட்டலைங்க."

"இறங்கு. ஞாயித்துக்கெழம அணிவகுப்பு இருக்கு. மெத்தை அமுங்கிடும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் அமுங்கிட்டிருக்கேன். அது ஒரு நாள் அமுங்கினா என்ன? அடுப்படிக்குக் காத்து வரட்டும், நான் வரேன்."

மனிதர் கடைக்குப் போவார் என்று நினைத்தோம். போகவில்லை. லாரியின் ஃபேனைக் கழற்றினார்.

"அது பேட்டரியில ஓடுறது சார், இருபத்துநாலு வோல்ட். வீட்டு கரண்டுல மாட்டினா எரிஞ்சிடும். புதுசா ஒண்ணு வாங்கினா என்ன?" என்றார் சீட்டுக் கவர்காரர்.

"ஓடுற ஃபேன் ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?"

லாரி பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து, ஜன்னல் வழியே சமையலறைக்குள் விட்டு, அடுப்புக்கு மேலே ஃபேனை மாட்டிவிட்டார். லாரியில் ஊசி குத்தத் தயங்கியவர், சுவரில் நாலு ஓட்டை போட்டார். அக்கா இறங்கி வந்தார். ஃபேன் சுற்றியது. அக்காவின் முகத்தில் அப்படியொரு குளிர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மெழுகு போட்டு மினுக்கிய லாரி. தொப்பி வைத்த பட்டாளத்தார். ஒயரைப் பிடுங்க ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"சாயங்காலம் மாட்டிடறேன். ஒரு நாள்தானே."

அக்கா கத்தவில்லை. தாளித்துக்கொண்டே சொன்னார். "பிடுங்குங்க. அப்புறம் மாட்டும்போது, அதுக்குக் கீழ நின்னு சமைக்க ஆளையும் நீங்களே மாட்டிக்குங்க."

கை அப்படியே நின்றது. பட்டாளத்தார் லாரியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

இன்ஜின் உறுமியது. அவ்வளவுதான், ஒயரை அறுத்துக்கொண்டே கிளம்பப் போகிறார் என்று நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். லாரி நகரவில்லை. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் ஃபேன் ஓடிப் பேட்டரி பாதி இறங்கியிருந்ததாம்; இன்ஜின் ஓடிச் சார்ஜ் ஏற்றினால்தான் இனி ஃபேன் சுற்றுமாம்.

தொப்பியோடு, மெத்தை சீட்டில், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பட்டாளத்தார் உட்கார்ந்திருந்தார். ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் மிதிங்க. காத்து பத்தல."

மிதித்தார்.