சத்தம் நின்றால் நில்

டமார்!

பென்னாகரம் கடைவீதியில் இருந்த காக்கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. தீயணைப்பு லாரியின் பின்பக்கம், அதன் கொட்டகையை ஒட்டியிருந்த பாஞ்சாலியின் பணியாரக் கடைக்குள் புகுந்து நின்றது. மூங்கில் கால் முறிந்து பந்தல் சரிந்தது. பானை உடைந்து மாவு தெருவெல்லாம் வழிந்தது.

டிரைவர் ராஜப்பன் லாரியை விட்டு இறங்கவே இல்லை. பாஞ்சாலி அவனுடைய மனைவி.

"எறங்கி வாங்க, பாக்கலாம்!" என்றாள் அவள். "போன மாசம் தண்ணித்தொட்டி. இப்பக் கடை. அடுத்து என் மேலயே ஏத்திப்புடுவீங்களா?"

யுத்தம் நடந்த காலம் அது. ஊருக்கு லாரி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னால் ஓட்டுவதில் ராஜப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. வைக்கோல் போர் பற்றிக்கொண்டது என்று சொன்னால் போதும், மணியடித்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வரை பறப்பான். திரும்பி வந்த பிறகுதான் வம்பு. அடுத்த நெருப்புக்கு உடனே கிளம்ப வேண்டுமே, அதனால் லாரி தெருவைப் பார்த்தபடிதான் கொட்டகைக்குள் நிற்க வேண்டும். அப்படியானால் பின்பக்கமாகவே உள்ளே போயாக வேண்டும்.

வழி காட்டுவதற்கென்றே மாதேஸ்வரன் இருந்தான். ஆபத்து என்றால் ஊதச் சொல்லி அவனுக்கு சர்க்கார் விசில் கொடுத்திருந்தது. ஆனால் அவன் இருபது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவன். வண்டியைப் பின்னால் தள்ள வேண்டுமென்றால் மாட்டுக்கு எதிரே நின்று நுகத்தடியைப் பிடித்துத் தள்ளித்தான் பழக்கம். லாரிக்கும் அதே வைத்தியம்தான். அதன் மூக்கில் இரண்டு கையையும் வைத்து, "ஹை... ஹை..." என்று தள்ளுவான். பின்னால் என்ன இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, ராஜப்பனுக்கும் தெரியாது.

"ஏண்டா, பின்னால போயி நில்லுன்னு எத்தினி தடவடா சொல்றது?" என்று கத்தினான் ராஜப்பன்.

"பின்னால நின்னா ஒதைக்குமேண்ணே!" என்றான் மாதேஸ்வரன்.

இடித்த செய்தி சேலம் வரை போயிற்று. திங்கட்கிழமை அதிகாரி நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் கண்முன் லாரியைக் கொட்டகையில் ஏற்றிக் காட்ட வேண்டும். இன்னொன்றை இடித்தால் ராஜப்பனுக்கு வேலை இல்லை.

அன்று ராத்திரி ராஜப்பன் களியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பாஞ்சாலி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம நானே பின்னால நிக்கறேன். தட்டுல கரண்டியால தட்டிக்கிட்டே இருப்பேன். சத்தம் கேக்கற வரைக்கும் வாங்க. சத்தம் நின்னா நின்னுடுங்க. ஏன் எதுக்குன்னு யோசிக்கக் கூடாது."

"விசிலு ஊதுனா நிக்கறதுதானடி முறை?"

"லாரி போடற கூச்சல்ல விசிலு கேக்கலைன்னா? பயத்துல எனக்கு மூச்சே வரலைன்னா?"

ராஜப்பன் களித்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அதிகாரி தலையில் தொப்பியும் கையில் நோட்டுமாக வந்து நின்றார். ராஜப்பன் லாரியைக் கிளப்பினான். பின்னால் 'டங், டங், டங்' என்று பித்தளைத் தட்டு முழங்கியது. முன்னால் மாதேஸ்வரன் பழக்க தோஷத்தில் தள்ளிக்கொண்டிருந்தான். லாரி மாப்பிள்ளை அழைப்பு போல நகர்ந்தது. புதுப்பந்தலைத் தாண்டியது. பாதிக் கொட்டகை வந்தாயிற்று. டங், டங்...

சட்டென்று சத்தம் நின்றது.

ராஜப்பன் யோசிக்கவில்லை. பிரேக்கை ஓங்கி மிதித்தான். லாரி குலுங்கி நின்றது. குதித்துப் பின்னால் ஓடினான்.

பாஞ்சாலி வாயைப் பிளந்தபடி நின்றாள். கரண்டி கீழே கிடந்தது. லாரியின் பின்புறத்துக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவில், சக்கரத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து டேப்பால் அளந்துகொண்டிருந்தார் அதிகாரி. பக்கக் கதவு வழியாக எப்போது உள்ளே நுழைந்தாரோ! அவர் தொப்பிக்கும் லாரிக்கும் ஒரு சாண் இடைவெளிதான்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"கொரலே வரலீங்க சாமி."

அதிகாரி லாரியைப் பார்த்தார், கீழே கிடந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து, 'டிரைவர் ராஜப்பனே தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராஜப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"ஊதினா நிக்கணும்கறதுதான் எங்க ரூல். அதைத் தலைகீழா மாத்தினது யார் மூளை?" என்று கேட்டார்.

பாஞ்சாலி கரண்டியை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"மூளையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சாமி. வூட்ல நான் கத்திக்கிட்டே இருந்தா இவரு பாட்டுக்குப் போயிக்கிட்டே இருப்பாருங்க. கப்புன்னு வாய மூடுனாத்தான் பயந்துபோயி நிப்பாரு."