ஒரு மணி நேர வேலைக்கு மூன்று நாள்

நாயுடுபுரம் மெக்கானிக் அடைக்கலத்துக்குத் தொழில் தெரியாது என்று ஏரிக்கரை பங்களாவில் எல்லோரும் நம்பினார்கள். நம்ப வைத்தவன் அவனேதான். மதுரை வக்கீல் சுவாமிநாதன் ஒவ்வொரு மே மாதமும் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு வருவார். படகின் பின்னால் மாட்டிய மோட்டார் மீதி மாதமெல்லாம் பனியில் கிடந்து ஈரமேறி, கிளம்பமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிளக்கைத் துடைத்து, பாயிண்டைத் தேய்த்து மாட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. அதை அடைக்கலம் மூன்று நாள் செய்வான். கழற்றியதை மாட்டுவான், மாட்டியதைக் கழற்றுவான். வக்கீல் குடும்பத்தோடு மதுரையிலிருந்து வந்து சமைக்கிற அருள்மேரி படித்துறையில் ஒரு தம்ளர் காபியை வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை நின்று பேசுவாள். அதற்காகத்தான்.

வருஷத்துக்கு மூன்று காபி. மனிதன் அதை வைத்துக்கொண்டுதான் மீதி நாளை ஓட்டினான். பெண் கேட்கலாமே என்றால், கடைசித் தங்கைக்கு வருகிற தை மாதம்தான் கல்யாணம். அதை முடிக்காமல் தன் பேச்சை எடுக்க அவனுக்கு வாய் வராது. அடுத்த மேயில் கட்டாயம் கேட்டுவிடுவது என்று இருந்தான்.

இந்த மேயில் வக்கீல் வந்ததுமே சொல்லிவிட்டார். "நெஞ்சுவலி வந்ததுலருந்து கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா. பட்டனைத் தட்டுனா இன்னிக்கே கெளம்பணும். இல்லேன்னா படகையும் பங்களாவையும் வித்துறப் போறேன். பிள்ளைக ஊட்டிக்குப் போகணும்னு நிக்குதுக."

அடைக்கலம் முதல்முறையாக அந்த வீட்டில் ஒழுங்காக வேலை பார்த்தான். பிளக்கையும் பாயிண்டையும் ஒரே தடவையில் சுத்தம் செய்து மாட்டினான். பட்டனை அழுத்தினான். 'டக்' என்றது, அவ்வளவுதான். பாட்டரி முனையைச் சுரண்டினான், வயரை இறுக்கினான். மறுபடியும் 'டக்'. பாட்டரி நேற்றுதான் சார்ஜ் கடையிலிருந்து வந்தது. ஒரு பல்பைத் தொடுத்துப் பார்த்தான், நன்றாக எரிந்தது. எரியும்போதே பட்டனை அழுத்தினான். பல்பு அணைந்தே போனது. பல்பை எரிக்கத் தெம்பு இருக்கிறது, மோட்டாரைச் சுற்றத் தெம்பு இல்லை. பாட்டரியின் மூடிகளைத் திருகித் திறந்தான். எல்லா அறையிலும் விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. அவன் அப்படி ஊற்றுகிறவன் இல்லை.

காபியோடு வந்த அருள்மேரியிடம், "இதுல யாரு தண்ணி ஊத்துனது?" என்று கேட்டான்.

"நாந்தாங்க. போன வருஷம் ஊருக்குக் கெளம்புற அன்னிக்கி." அவள் முகத்தில் நல்லது செய்த நிறைவு. "வெறும் தண்ணியில்ல. மாதா கோயில்ல சாமியாரு உப்புப் போட்டு மந்திரிச்ச தீர்த்தம். ஒங்களுக்குத் தொழில் தெரியலன்னு வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்குப் பொறுக்கல. அடுத்த வருஷமாச்சும் ஒங்க கை பட்டதும் கெளம்பட்டும்னு வேண்டிக்கிட்டு ஊத்துனேன்."

உப்பு ஒரு வருஷமாக உள்ளே இருந்து தகடுகளைத் தின்றிருந்தது. கோபம் வரவேண்டிய இடம். அடைக்கலத்துக்கு வந்ததோ சந்தோஷம். தனக்காகவும் ஒருத்தி வேண்டுதல் வைத்திருக்கிறாள்.

வக்கீல் படியிறங்கி வந்தார். அடைக்கலம் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது. கயிற்றால் கிளப்ப அதற்குப் பாட்டரி வேண்டாம்.

"மோட்டார்ல குத்தமில்லீங்க ஐயா. புதுப் பாட்டரி ஒண்ணு போட்டாப் போதும்."

"வருஷா வருஷம் மூணு நாள் ஒன் தெறமையப் பாத்தாச்சு. ஒன்னை நம்பிப் புதுப் பாட்டரி வேறயா? வேண்டாம்ப்பா, வித்துறலாம்." அவர் திரும்பிப் போய்விட்டார்.

அருள்மேரி மோட்டாரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தொழில் தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டு நேரத்துச் சோலி இது?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப மூணு நாளு?"

அவன் படியில் இருந்த தம்ளரைப் பார்த்தான். "இந்தக் காப்பிக்கு."

அவள் குனிந்து பாட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினாள். பிறகு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டேனே," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்ரோல் வீணாப் போகுது, நிறுத்துப்பா," என்று வக்கீல் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அடைக்கலம் மோட்டாரை நிறுத்தினான். அவள் தம்ளருக்காகக் காத்து நின்றாள். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. அவன் அதைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தான்.