நெல் அறையில் ரிமோட் ஃபேன்

இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த பஞ்சநதத்துக்கு, மகன் பரணிதரன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ரிமோட் ஃபேன் என்றால் அப்படி ஒரு பெருமை. பார்க்க வந்தவர்களை ஒரு தரமாவது பட்டனை அழுத்த வைக்காமல் விடமாட்டார். கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மகள் கலைமகளோ, மிச்சமிருக்கும் ஒரு வேலி நிலத்தை பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று ரெண்டு மாதமாக நச்சரித்தாள். பரணி மட்டும் போனில், "உங்க இஷ்டம்ப்பா" என்பான். பிள்ளை தன் பக்கம் என்ற தைரியத்தில்தான் கிழவர் அசைந்து கொடுக்கவில்லை.

அந்த ஃபேன்தான் ஒரு வாரமாக மத்தியானமானால் நின்றுவிடுகிறது. சித்திரை வெயில். ரிமோட்டை எத்தனை தரம் அமுக்கினாலும் அசையவில்லை. பேட்டரியும் மாற்றியாயிற்று. "பவர் கட்டுப்பா," என்றாள் கலைமகள்.

எலக்ட்ரீஷியன் வைரக்கண்ணு ஏணியில் ஏறி, ஃபேனில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரைப் பிரித்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்குங்க. ஆனா சுவத்து சுவிட்சு ஆஃப்ல இருந்தா ரிமோட்டு வேலை செய்யாது. உங்க சுவிட்சு எங்க?"

எங்கே இருக்கும்? அவர் இப்போது படுத்திருப்பது முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை. எலியோ பாம்போ இருந்தால் தெரியட்டும், கதவைத் திறக்கும் முன்பே விளக்குப் போட வேண்டும் என்று அந்த அறைச் சுவிட்சுகளையெல்லாம் வெளியே கூடத்தில் வைக்கச் சொன்னதே பஞ்சநதம்தான். வைரக்கண்ணு யோசித்துவிட்டு, சுவிட்சிலிருந்து ஃபேனுக்கு வரும் அதே லைனிலிருந்து ஒயர் இழுத்துத் தலைமாட்டில் ஒரு சின்னச் சிவப்பு பல்பை மாட்டினார்.

"ஃபேன் நிக்கறப்ப இது எரிஞ்சா, கோளாறு ரிசீவர்ல. இதுவும் அணைஞ்சா, கரண்டே வரலன்னு அர்த்தம்."

மறுநாள் மத்தியானம் ஃபேன் நின்றது. பல்பும் அணைந்தது. கூடத்து டி.வி.யில் மட்டும் சீரியல்காரி விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்படியானால் பவர் கட் இல்லை.

கூடத்தில் இருப்பது கலைமகள் மட்டும்தான். பெற்ற மகள்! கழுத்தில் வேர்வை ஓட, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் ஓலை விசிறியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"இந்தப் புழுக்கத்துல எப்படிப்பா கெடக்கறீங்க? கையெழுத்தப் போட்டீங்கன்னா ஏசியே மாட்டிடலாம்."

"கை வலிக்கும்மா. போய் சுவிட்சப் போடு."

விசிறிய கை நின்றது.

"போன எடு. பரணிக்குச் சொல்றேன். இந்த ஃபேன அனுப்புன புள்ளைக்குத் தெரியட்டும், நீ பண்ற காரியம்," என்று கையை நீட்டினார்.

கலைமகள் நிமிரவில்லை. "அண்ணந்தாம்ப்பா நிறுத்தச் சொன்னுச்சு."

நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று பஞ்சநதத்துக்குத் தெரியவில்லை.