இடது காது கொஞ்சம் ஜாஸ்தி

அப்சலின் புது ஹெட்போன் இரண்டே நாள்தான் நிம்மதியாகப் பாடியது. மூன்றாம் நாள் அவன் மனைவி ஹஃப்சா அதைக் காதில் மாட்டினாள். அதோடு போச்சு.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன் அப்சல். பகல் முழுக்க இரும்போடு இரும்பு மோதும் சத்தத்தில் கிடந்துவிட்டு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வருகிறவனுக்கு, நல்ல சத்தமாக ஒன்றைக் கேட்க வேண்டும் என்று ஆசை. இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வெளிநாட்டு ஹெட்போன் ஒன்றை வரவழைத்திருந்தான். விலையை நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கு வயிறு எரியும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. இதைப் போய் எவனாவது திருப்பி அனுப்புவானா என்று சிரித்துக்கொண்டான்.

ஆனால் எதையும் தனியாக அனுபவிக்கத் தெரியாத ஆள் அவன். பிரியாணி தின்றாலும் பக்கத்தில் ஒருத்தர் 'பிரமாதம்' என்று சொன்னால்தான் அவனுக்குத் தொண்டையில் இறங்கும். அதனால்தான் ஹஃப்சாவை நாற்காலியில் உட்கார வைத்து, தனக்கு மிகப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு, பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி எதிரே நின்றான்.

"எப்டி கீது?"

"பாட்டு நல்லாதான் கீது மச்சான். ஆனா காது குத்துது."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்றால், "எங்க குத்துது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். அப்சல் ஆறு மாதமாக இணையத்தில் ஹெட்போன் பைத்தியங்களோடு பழகியவன். அந்த உலகத்தில் காது குத்துகிறது என்றால் ஒரே அர்த்தம்தான். ட்ரிபிள் தூக்கல். அதாவது பாட்டில் வரும் கீச்சுச் சத்தங்கள், சலங்கை, தாளம், 'ஸ்' என்று சீறும் எழுத்து எல்லாம் அளவுக்கு மேல் கூர்மையாகக் கேட்பது.

வாங்கித் தன் காதில் மாட்டினான். என்ன சொல்ல, அவனுக்கும் குத்தியது! நேற்றுவரை குழைந்து குழைந்து பாடிய அந்தப் பாடகி அம்மாள், இன்றைக்கு ஒவ்வொரு 'ஸ்'ஸுக்கும் அவனைப் பார்த்துச் சீறினாள். அப்சலுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருடக் கனவு, இப்படியா ஊசி மாதிரி குத்த வேண்டும்?

போனில் ட்ரிபிளைக் கொஞ்சம் குறைத்தான். ஹஃப்சாவைக் கூப்பிட்டான். இன்னும் குத்துகிறது என்றாள். பாதிக்குக் குறைத்தான். குத்துகிறது.

"எந்தப் பக்கம் குத்துது, சொல்லு."

"ரெண்டு பக்கமும்தான். இடது காது கொஞ்சம் ஜாஸ்தி."

ஆஹா, இடது பக்கத்து ஸ்பீக்கரில் கோளாறு! ஹெட்போனைத் திருப்பி, இடதை வலதாக்கி அவள் தலையில் மாட்டினான்.

"இப்போ?"

"இப்பவும் இடதுதான்."

பள்ளிக்கூடம் போகாத பூனைக்குக்கூட இங்கே விஷயம் புரிந்திருக்கும். அப்சல் ஒரு துண்டுச் சீட்டில், 'கோளாறு பக்கம் மாறுகிறது' என்று குறித்துக்கொண்டான்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு டோல்கேட்டில் மைக் செட் வாடகைக்கு விடும் நசீர் பாயிடம் போனான். நசீர் பாய் முப்பது வருடமாகக் கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஊரையே அலறவிட்ட மனுஷர். ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்விதான் கேட்டார்.

"வூட்ல இன்னா சொன்னாங்க?"

"காது குத்துதுன்னா பாய்."

"அப்ப ட்ரிபிள்தான் மாமு. டவுட்டே இல்ல." அதற்கப்புறம்தான் மாட்டினார். மாட்டியதும் முகத்தைச் சுளித்தார். "அய்ய, எனுக்கும் குத்துதே! புது ஐட்டம்ல? புது வண்டிய மொதல்ல ஓட்டிப் பழக்குறதில்ல? அதே மாதிரி நாப்பது மணி நேரம் நிறுத்தாம பாட உடு. சும்மா தொங்கவுடாத, சவுண்டு லீக் ஆவும். தலை மாதிரி எதுக்குனா மாட்டி உடு."

வீட்டில் தலை மாதிரி இருந்தது ஒரு கிர்ணிப்பழம்தான். அப்சல் அதைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு சோற்றுக் கிண்ணத்தின் மேல் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது ஹஃப்சா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"மச்சான், அது ஜூஸ் போட வாங்கினு வந்த பழம். எப்ப கேட்டு முடிக்கும்?"

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் தொடாத. ட்ரிபிள் எறங்கணும்."

"பைக்ல ட்ரிபிள்ஸ் போறவன எறக்கணும்னா போலீஸாண்ட சொல்லு. பழத்தாண்ட ஏன் சொல்ற?"

நாற்பது மணி நேரமும் பழம் ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஹஃப்சா மாட்டினாள். "வாசனையா கீது," என்றாள். "ஆனா குத்துது."

எட்டாம் நாள் யானைக்கவுனிப் பக்கம் போய் நல்ல பஞ்சாக வாங்கி வந்தான். காதில் படும் மெத்தையைப் பிரித்து, உள்ளே பஞ்சைத் திணித்து, ஊசி நூலால் தைத்தான். கிரேன் ஓட்டுகிற கைக்கு ஊசி பிடிபடுமா? நாலு இடத்தில் விரலைக் குத்திக்கொண்டான். ஹஃப்சா மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இப்ப சொகமா கீது மச்சான். குத்தவே இல்ல."

வெற்றி! அப்சல் துள்ளிக் குதித்து, பிடுங்கித் தன் காதில் மாட்டினான். பாடகி எங்கேயோ கம்பளிக்குள் படுத்துக்கொண்டு முனகினாள். சலங்கையைக் காணோம், தாளத்தைக் காணோம். பஞ்சை எடுத்தான். மறுபடியும் 'ஸ்' என்று சீறினாள். பஞ்சை வைத்தால் பாட்டு இல்லை, எடுத்தால் ஊசி. மனசு விட்டுப்போயிற்று. திருப்பி அனுப்புகிறேன் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டான்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. கூரியர்காரர் மதியத்துக்கு மேல் வருவார் என்று செய்தி வந்திருந்தது. ஜும்ஆ முடித்து வந்த அப்சல், ஹெட்போனில் மிச்சமிருந்த நூல், பஞ்சு எல்லாவற்றையும் நீக்கி, வந்தபோது இருந்த மாதிரியே ஆக்கினான். போனில் குறைத்த ட்ரிபிளையும் பழைய இடத்துக்கே ஏற்றினான். பெட்டியில் வைக்கக் கை வரவில்லை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த ஹஃப்சாவிடம் நீட்டினான்.

"கடைசியா ஒரு தபா கேட்டுடு. போவப்போவுது."

அவள் மாட்டிக்கொண்டாள். பாட்டு முழுசாக ஓடியது. கழற்றவில்லை. அடுத்த பாட்டும் ஓடியது.

"இன்னா, குத்தலயா?"

"இல்லியே."

"எப்டி? நா ஒண்ணுமே பண்லயே!"

"நா பண்ணேன். கம்மல கழட்டிட்டேன்." ஹெட்போனைத் தூக்கிவிட்டு இடது காது மடலைக் காட்டினாள். சிவந்து தடித்திருந்தது. "இந்தப் பக்கத்து திருகாணி போன மாசம் தொலஞ்சிபோச்சா, வேற ஒண்ண போட்டேன். நீட்டமா கீது. நீ வேற அது மேல இத வெச்சி அமுக்குற. குத்தாதா?"

அப்சல் குனிந்து அந்த மடலைப் பார்த்தான். "அத ஏன் நீ சொல்லல?"

"தெனம் சொன்னேனே, காது குத்துது காது குத்துதுன்னு! நீ பஞ்செல்லாம் வெச்சி தெச்சியா, எனுக்காக மெத்துனு பண்றன்னு நெனச்சேன். கையெல்லாம் குத்திகினு தெக்கிறத பாத்து பாவமா இருந்துச்சி. அதான் நீ கூப்புட்டப்பல்லாம் வந்து மாட்டிகினேன்."

அப்சல் ஹெட்போனை வாங்கி மாட்டினான். அந்த அம்மாள் பாடினாள். குழைந்து குழைந்து பாடினாள். ஒரு 'ஸ்' சீறவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. கூரியர்காரர் தெருமுனையில் நின்று வழி கேட்டார்.

"வாணாம் சார், வராதீங்க. குத்தல."

"இன்னா சார் குத்தல?"

"எதுவுமே குத்தல சார்!" என்று வைத்துவிட்டான்.

ஹஃப்சா தலையைத் துவட்டிக்கொண்டே அவனையே பார்த்தாள்.

"ஏன் மச்சான், எனுக்கு கம்மல் குத்துச்சி. சரி. உன் காதுல கம்மலே இல்லியே. உனுக்கு எப்டி குத்துச்சி?"

அப்சல் யோசித்தான். நசீர் பாய்க்கும் அப்படித்தான், குத்துகிறது என்று கேட்டபின்தான் குத்தியது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று இவள் முகம் சுளித்தால், அதுவரை ருசித்துத் தின்றுகொண்டிருந்த அவனுக்கும் உடனே கரிக்கும். கல்யாணமாகிப் பதினாலு வருடமாக இதுதான் கதை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான்.

"நீதான சொன்ன, குத்துதுன்னு?"